அழிக்கச் சொன்ன கோடு

வெளிச்சம் வருமுன்பே அந்த அறையில் ஏழு பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மணிக்கட்டு வீங்கினாலும் மவுஸை விட முடியாது. மின்சாரக் கம்பெனிக்கு ஜனங்கள் எழுதி அனுப்பும் கேள்விகளுக்கு இயந்திரம் பதில் சொல்கிறதே, அதற்கு வழி போட்டுக் கொடுப்பது இவர்கள்தான். திரையில் ஒவ்வொரு கேள்வியும் ஒரு வட்டம். இதைக் கேட்டால் அங்கே போ என்று வட்டத்துக்கு வட்டம் கோடு இழுக்க வேண்டும். கூட்டம் போகிற கோடு தடிக்கும். போகாதது நூலாய் மெலியும். இயந்திரம் திணறுகிற இடத்திலிருந்து மட்டும் இந்தப் பெண்களின் இருக்கைக்குக் கோடு வரும்.

அறை முழுக்க ஒருத்தியை 'அக்கா' என்று கூப்பிடும்; அவளுடைய கூடப்பிறந்த தங்கச்சியும் எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். தங்கச்சிக்கு வருவதெல்லாம் சாவுச் செய்தி. இணைப்பு யார் பெயரில் இருந்ததோ அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பெயரை மாற்றுங்கள் என்பார்கள். அதோடு விடுவார்களா? எப்படிப் போனார், கடைசியாக என்ன கேட்டார் என்று கொட்டித் தீர்ப்பார்கள். தங்கச்சியும் புருஷனைப் பறிகொடுத்தவள், பொறுமையாகக் கேட்பாள். வேலை மெதுவாகத்தான் நடக்கும், அவள் கோடும் மெலிந்தேதான் இருக்கும். சாவு விழுந்த வீட்டை அவசரப்படுத்தவா முடியும்?

முந்தின நாள் சாயங்காலம் முதலாளி அக்காவிடம், மெலிந்த கோடுகளை அழித்துப் படத்தைச் சுத்தமாக்கச் சொன்னார். பணம் போட வருகிறவர்களுக்குக் காட்டும் நகல்தான் என்றார். அக்கா நம்பினாள், பாவி. மற்றதோடு தங்கச்சியின் கோடும் போயிற்று.

அது நகல் இல்லை, நிஜப் படமேதான்; இன்று தங்கச்சியின் திரை வெறுமையாகவே கிடந்தது. வேலை வராத இருக்கைக்குச் சம்பளம் எதற்கு, வீட்டுக்குப் போகலாம் என்று ஆள் அனுப்பினார் முதலாளி. அந்தச் சம்பளத்தில்தான் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"யாரு அக்கா அழிச்சது?"

"நான்தான்டி."

தங்கச்சி நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் அக்காவுக்கு ஆறியிருக்கும்.

அக்கா படத்தைத் திறந்தாள். 'இறந்துவிட்டார்' என்ற வட்டத்துக்கும் 'புரியவில்லை' என்ற வட்டத்துக்கும் நடுவே கோடு தடித்துக்கொண்டே போனது. யாரோ ஒரு அம்மாள் அதற்குள் மாட்டிக்கொண்டு சுற்றினாள். என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்று அவள் எழுத எழுத, அவரையே வந்து உறுதிசெய்யச் சொன்னது இயந்திரம். அக்கா மவுஸைப் பிடித்தாள். அழித்த கோட்டைத் திரும்ப இழுத்தாள்.

முதலாளி வேகமாக வந்தார்.

"என்னம்மா இது, சுத்தமா இருந்த படத்தக் கெடுத்து வச்சிருக்கீங்க?"

"நகல்னுதானே சார் சொன்னீங்க?"

"நாம எல்லாரும் ஒரு குடும்பம். கஷ்டத்த யாராவது ஒருத்தர் தாங்கித்தானே ஆகணும்?"

குடும்பமாம், குடும்பம். தாங்குகிற அந்த ஒருத்தர் மட்டும் என்றைக்கும் அவராக இருந்ததில்லை. உன் கையாலேயே அதை அழி, இல்லாவிட்டால் அக்காவும் தங்கச்சியும் சேர்ந்தே கிளம்புங்கள் என்றார்.

அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அப்போது மூலை இருக்கையில் 'வாயாடி' என்று பேரெடுத்தவள், வாயே திறக்காமல், 'இறந்துவிட்டார்' வட்டத்திலிருந்து தன் இருக்கைக்கு ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் இருந்தவள் இன்னொன்று இழுத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லா இருக்கைக்கும் கோடு வந்துவிட்டது.

"அழிக்கணும்னா எல்லாத்தையும் அழிங்க சார். நாங்க அழிக்க மாட்டோம்" என்றாள் வாயாடி.

முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். யாருடன் பேசுகிறாரோ, நாளைக்கு இந்தக் கதவு திறக்குமோ, ஒருத்திக்கும் தெரியாது. பயமாகத்தான் இருந்தது.

தங்கச்சி பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். திரையில் அந்த அம்மாள் எழுதியிருந்தாள்: "அங்க மனுஷங்க யாராவது இருக்கீங்களா?"

தங்கச்சி தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தாள், பிறகு அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதினாள்.

"இருக்கோம்மா. சொல்லுங்க."