இருபத்தொரு திசுக்களும் ஒரு கிலோ ஆட்டிறைச்சியும்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. சிட்னியில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கதை கேட்டு மலரின் ஆசிரியர் ஈஸ்வரமூர்த்தி போன் செய்தபோது, "பிஷான்னு ஒரு பிரெஞ்சு மேதையைப் பத்திப் பாதி எழுதிட்டேன்" என்றேன். ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அந்தப் பெயரையே அன்று காலையில்தான் என் மனைவி நிரூபா சொல்லிக் கேட்டிருந்தேன். நான் கோயம்புத்தூர்க் கணினிக்காரன். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, நோயாளிகளின் உடலிலிருந்து எடுத்த துணுக்குகளை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டுகிற லாபில் வேலை செய்கிறாள்.

"அடுத்த வியாழக்கிழமைக்குள்ள வேணும்" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

2

தொடக்கம், முதல் முயற்சி: பாரிஸ், 1800. பனி கொட்டிக்கொண்டிரு

(நான் பனி கொட்டிப் பார்த்ததே இல்லை. சிட்னியில் நாங்கள் இருக்கும் மெரிலேண்ட்ஸில் அன்று வெயில் முப்பத்தெட்டு.)

இரண்டாம் முயற்சி: பிஷாவுக்கு வாடகைக்கு வீடு விட்ட ஒரு வீட்டுக்காரம்மாவைக் கற்பனை செய்தேன். அவளை நான் நம்பியிருக்கக் கூடாது. இரண்டாவது வரியிலேயே பீளமேட்டு மாமி மாதிரி தண்ணி மோட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். நீக்கிவிட்டேன்.

3

எனக்குத் தெரிந்த பிஷா இவ்வளவுதான். உடம்பின் உறுப்புகள் எல்லாம் இருபத்தொரு வகைத் திசுக்களால் ஆனவை என்றார். மைக்ரோஸ்கோப்பை நம்பவில்லை. திசுக்களை வேகவைத்தார், உலர்த்தினார், அமிலத்தில் ஊறவைத்தார். முப்பது வயதில் இறந்துபோனார். எனக்கு நாற்பத்தாறு, எழுதியது முக்கால் வரி.

அவர் வழியிலேயே போய்ப் பார்க்கலாம் என்று, சனிக்கிழமை நிரூபா வேலைக்குப் போனதும் ஃப்ரிட்ஜிலிருந்த ஒரு கிலோ ஆட்டிறைச்சியை வெளியே எடுத்தேன். கொஞ்சத்தை வேகவைத்தேன். கொஞ்சத்தை வினிகரில்* போட்டேன். மிச்சத்தைத் துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். இருபத்தொன்றில் எட்டைக் கண்டுபிடித்தேன். எட்டாவதை ஒரு மேக்பை பறவை தூக்கிக்கொண்டு போய்விட்டது.

* வீட்டில் வேறு அமிலம் இல்லை.

4

நிரூபா மத்தியானமே வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"இதென்னப்பா, குசினியிலை?"

"ஆராய்ச்சி."

"நாளைக்குக் கறி வைக்க வாங்கின இறைச்சியெல்லோ?"

"இலக்கியத்துக்காக, நிரூ."

திட்டப்போகிறாள் என்று நின்றேன். திட்டவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டு துண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"கொழுப்பு. தசைநார். இது குருத்தெலும்பு. இது... வினிகர் விட்டுப் பழுதாக்கிப் போட்டியள்."

பிறகு என் விரலைப் பிடித்துத் தன் கழுத்தில், தாடைக்குக் கீழே வைத்தாள்.

"உங்கட பிஷா மைக்ரோஸ்கோப் இல்லாமல் கண்டுபிடிச்சவர்தானே. இது என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

பட்டாணி அளவில் ஏதோ இருந்தது. அழுத்தினால் நகரவில்லை.

"எப்ப இருந்து?"

"ஒரு மாசமா. நேற்று ஆஸ்பத்திரியிலை இதிலை ஒரு சின்னத் துண்டு எடுத்தவை. எங்கட லாபுக்குத்தான் வந்தது. என்ர பெயரைக் கண்டிட்டு, தான் வெட்டுறன் எண்டு என்னோட வேலை செய்யிற மோனிகா வாங்கிப் போட்டா. வாற வெள்ளிக்கிழமை ரிசல்ட்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தனான். நீங்கள் பனியைப் பற்றி வாசிச்சுக் காட்டினீங்கள்."

(இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை எழுதி, அடித்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.)

5

இனிமேல் இது பிஷாவின் கதை இல்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

முடிவு ஒன்று: வெள்ளிக்கிழமை. டாக்டர் சிரித்துக்கொண்டே "ஒண்ணுமில்லை" என்கிறார். திரும்பும் வழியில் கொத்து ரொட்டி சாப்பிடுகிறோம். என் பங்கிலும் பாதியை நிரூபாவே சாப்பிடுகிறாள்.

முடிவு இரண்டு: டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கா

நிரூபா பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"ரெண்டையும் அழியுங்கோ."

"முதலாவது நல்லாத்தானே இருக்கு?"

"ஸ்லைடு பாக்க முதல் ஆரும் ரிப்போர்ட் எழுதுறேல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லித் தாறது அது. நல்ல ரிப்போர்ட்டும் எழுதக் கூடாது."

அழித்தேன். (உங்களுக்காக மட்டும் மேலே விட்டுவைத்திருக்கிறேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.)

6

இன்று வியாழன். ஈஸ்வரமூர்த்தி மறுபடியும் கூப்பிட்டார்.

"முடிவில்லாம எப்படிங்க போடுறது?"

"நாளைக்கு வரைக்கும் பொறுங்க."

"அச்சகக்காரன் பொறுக்கமாட்டானே!"

அதனால் இப்படியே அனுப்புகிறேன். மலர் உங்கள் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை முடிந்திருக்கும். எங்கள் எண் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறது. கூப்பிடுங்கள். நான் எடுத்தால், கதை எப்படி இருந்தது என்றுதான் முதலில் கேட்பேன். என் குணம் அது. பதில் சொல்லாதீர்கள். நிரூபாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள்.