பின்கட்டு மூட்டைகள்

அன்று காலை என் கணவர் கெய்ஜிரோ குப்பை மூட்டையின் வாயை இரட்டை முடிச்சாகக் கட்டிக்கொண்டிருந்தார். பனியில் காரை எடுக்க முடியாமல் பின்கட்டில் வாரக்கணக்கான குப்பை சேர்ந்திருந்தது. பாதை திறந்துவிட்டது, கூரைப் பனியைத் தள்ளிவிட்டு வருகிறேன், நகரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்றார்.

எங்கள் கிராமமான இவாசாவாவில் யாரும் தனியாகக் கூரை ஏறுவதில்லை. கீழே அண்டைவீட்டார் ஒருவர் ஏறுபவரின் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பார். ஆனால் நாங்கள் ஊர்ச் சங்கத்தை விட்டு விலகியிருந்தோம். வாய்க்கால் தூர்வாரும் நாளில் முட்டிவலி என்று அவர் போகவில்லை. அடுத்த கூட்டத்தில் பக்கத்து வீட்டு மொரிகாசு, "மீன் பிடிக்க மட்டும் முட்டி மடங்குதாக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவர் அன்றே விலகிவிட்டார். அதோடு, சங்கத்தார் மட்டும் குப்பை போடும் தெருமுனைக் கூண்டும் எங்களுக்கு இல்லையென்றாயிற்று.

கயிற்றை நான் பிடிக்கிறேன் என்றேன். உன்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழவா என்று சிரித்தபடி ஏறினார்.

கூரையிலிருந்து அவரோடு சரிந்த பனிக்கு அடியிலிருந்து அவரைத் தோண்டியெடுத்தது மொரிகாசுதான். நான் கூப்பிடவில்லை. சத்தம் கேட்டு அவரே ஓடிவந்தார். உயிர் போயிருந்தது.

சாவு வீட்டில் சமைப்பது அக்கம்பக்கத்தார் வேலை. மதியத்துக்குள் சங்கத்துப் பெண்கள் ஊர் மண்டபத்துக் கிண்ணங்களோடு வந்துவிட்டார்கள். மொரிகாசுவின் மனைவி கினுவே அக்கா பெரிய சட்டியைத் தேடிப் பின்கட்டுப் பக்கம் போனார். நான் பதறி எழுந்தேன்.

"நீ உட்காரு தொகியே. இன்னைக்கு நீ அடுப்புப் பக்கமே வரக் கூடாது."

கதவு திறந்தது. மீன்தலை நாற்றம் சமையலறைக்குள் வந்தது. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த அறையில் அவர் வெள்ளைத் துணிக்கு அடியில் கிடக்க, எனக்கு மூட்டைகளைப் பற்றித்தான் கவலை. அதை நினைத்தும் கூசிப்போனேன். கினுவே அக்கா கதவைச் சாத்தினார்.

தகனம் முடிந்து வந்தபோது பின்கட்டு காலி. மறுநாள் கூண்டுக்குள் பார்த்தேன். அவர் போட்ட அதே இரட்டை முடிச்சுகள். வீட்டுப் பெயர் இல்லாத மூட்டையைக் குப்பை லாரிக்காரர் எடுக்கமாட்டார். ஒவ்வொன்றின் மேலும் கினுவே அக்கா தங்கள் வீட்டுப் பெயரை எழுதியிருந்தார்.

நன்றி சொல்லப் போனேன்.

"எதுக்கு? எங்க வீட்டுக் குப்பை, நான் போட்டேன்" என்றார்.

உள்ளே மொரிகாசு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே சொன்னார்: "ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா நான் வந்து கயிறு பிடிச்சிருப்பேன்ல."

நான் தலைகுனிந்தபடி திரும்பி வந்தேன்.

சங்கத்தில் மறுபடி சேரச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. இப்போதும் வியாழக்கிழமைகளில் ஒரு சின்ன மூட்டையைக் காரில் வைத்துக்கொண்டு, அந்தக் கூண்டைத் தாண்டி நகரத்துக்குப் போகிறேன்.