வலது முழங்காலில் வளர்ந்தவர்

எங்கள் ஊரில் முழங்கால் வலிக்கு அல்ட்ராசவுண்ட் வைக்கும்போது கையை ஓரிடத்தில் நிறுத்தினால் அங்கே ஆள் வளர்ந்துவிடும். அதனால் ஜெல் தடவி, கருவியின் தலையை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். என் வலது காலுக்கு வைத்துக்கொண்டிருந்தபோது யூனிஸுக்குப் போன் வந்தது. சிகிச்சை மையத்தில் பிசியோதெரபி பார்க்கிற பெண், நல்ல பெண்தான். அவள் பேசி முடிக்கும்வரை கருவி ஒரே இடத்தில் நின்றது. சுட்டது. சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நான் சொல்லவில்லை.

முதலில் நெல்லிக்காய் அளவு இருந்தது. செல் இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும் என்று யூனிஸ் சொன்னாள். நான் மனதுக்குள் பெருக்கிக்கொண்டே வந்தேன். கோடியைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அதற்குள் அதற்கு என் மூக்கு வந்திருந்தது.

வீட்டில் மகன் சந்தனகுமாரும் மருமகள் ஜெயராணியும் பொறுமையாக இருந்தார்கள். வளருகிறவருக்குப் பசி அதிகம்.

"மாமா, அவருக்கு முதல்ல ஊட்டுங்க. நீங்கதான் இத்தனை வருஷமா சாப்பிட்டாச்சே," என்றாள் ஜெயராணி.

ஊட்டினேன். அவர் என்னைவிட நன்றாகப் பேசினார். டிவியில் மேட்ச் ஓடினால் மகனோடு சேர்ந்து கைதட்டினார். நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பழைய கதைகளை அவர் சொன்னபோது வீடே சிரித்தது.

"அப்பாவுக்கு இவ்வளவு குசும்பு இருக்குன்னு தெரியாமப் போச்சே," என்றான் மகன், என் முழங்காலைப் பார்த்து.

அவர் என் உயரம் வந்ததும் மகனோடு மையத்துக்குப் போனோம். யூனிஸ் நூல் கட்டி அவரை என் முழங்காலிலிருந்து பிரித்தாள். பிறகு இருவரையும் பாயில் உட்காரச் சொன்னாள். அங்கே அதுதான் வழக்கம். சம்மணம் போட முடிந்தவர் குணமானவர், வீட்டுக்குப் போகலாம். முடியாதவருக்கு இன்னும் சிகிச்சை இருக்கிறது, அவர் அங்கேயே தங்க வேண்டும்.

எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். வலது காலை இரண்டு கையாலும் பிடித்து மடக்கினேன். பாதிதான் மடங்கியது. பக்கத்தில் அவர் சம்மணம் போட்டுவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"விடுங்க அண்ணாச்சி, ஒடிஞ்சிரப் போகுது."

"சந்தனம், மடக்கிருவேன். கொஞ்சம் நில்லுய்யா," என்றேன் மகனிடம்.

"மெதுவா மடக்குங்கப்பா, ஒண்ணும் அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை எடுக்கப் போனான்.

அவர் பின்னால் ஏறி அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் எப்போதும் வண்டிக் கம்பியைத்தான் பிடிப்பேன்.

மையத்தின் பின்னறையில் மடக்க முடியாதவர்கள் பதினொரு பேர் இருந்தார்கள். என்னோடு பன்னிரண்டு. ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். யாரையும் யாரும் பார்க்க வருவதில்லை. வீட்டில்தான் அவரவர் இருக்கிறார்களே.

சில வாரம் கழித்து யூனிஸிடம், "இடது காலுக்கும் வை தாயி. கையைச் சுத்தாத," என்றேன்.

"யாரு வேணும் ஐயா?"

"யாரும் வேண்டாம். வீட்டுக்குப் போகணும்."

அவள் கருவியை அழுத்தி நிறுத்தினாள். இந்த முறை முதலில் வாசல் நிலை முளைத்தது. அதில் எங்கள் வீட்டு வாசற்கதவு வந்தது, சதையால், தோல் போர்த்தி, கொண்டி இருக்க வேண்டிய இடத்தில் நகம் வைத்து. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து தட்டினேன்.

"யாருன்னு பாருங்கப்பா," என்றான் உள்ளே மகன்.

"யாரு?" என்று என் குரல் கதவருகே வந்து கேட்டது.

"நான்தான்," என்றேன்.

 உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது. முழங்காலில் அது நன்றாகத் தெரிந்தது.

யூனிஸ் நிலையோரத்து ஜெல்லைப் பஞ்சால் துடைத்தாள். மழைக்காலத்தில் கதவு உப்பும், அதனால் முழங்கால் கட்டுத்துணியை இறுக்கிச் சுற்ற வேண்டாம் என்றாள்.