செத்த நேரம் தூங்கட்டும்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. சனிக்கிழமை மதியம், திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் போனில் சொன்னாள்: "தூங்குதுப்பா, சாகல. எழுப்புனா எல்லாம் ஞாபகம் வச்சிருக்கும்." கைக்குழந்தையைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். (எந்தக் கைக்குழந்தை எதை ஞாபகம் வைத்திருக்கும் என்று கேட்காதீர்கள். எனக்கு அப்போது பசி.) பிறகுதான் புரிந்தது, பேச்சு ஒரு சிப்பைப் பற்றி. என் பார்சல் கைக்கு வருவதற்குள் அவளுக்குத் தஹ்சீன் என்று பெயர் வைத்து, பேகம்பூரில் குடிவைத்து, ஒரு மாமியாரையும் கொடுத்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "மலைக்கோட்டைக்குப் பின்னால் சூரியன் மெல்ல..." வேண்டாம். இந்த ஊரை எழுத வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பாறையில் ஒருமுறை முட்டிக்கொண்டாயிற்று.

இரண்டாவது: "குறைகடத்திச் சுற்றுகளில் மின்நுகர்வைக் குறைக்கும்போது, சேமித்த தரவு..." நீங்கள் கொட்டாவி விட்டதை நான் பார்த்தேன்.

சரி, நேராகவே சொல்கிறேன். தஹ்சீன் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே சிப் வடிவமைக்கிறாள். வேலை இல்லாதபோது சிப் கரண்ட்டைத் தின்னக் கூடாது, தூங்க வேண்டும். ஆனால் முழுக்க அணைத்துவிட்டால் உள்ளே வைத்ததெல்லாம் மறந்துபோகும். மறக்காத அளவுக்கு மட்டும் துளி கரண்ட் விட வேண்டும். அந்தத் துளியை இன்னும் எவ்வளவு சின்னதாக்கலாம் என்பதுதான் அவள் பிழைப்பு.*

* இதைத் தாம்பத்தியத்துக்கு உவமையாக்கக் கை பரபரத்தது. "சும்மா கெடங்க" என்றாள் தஹ்சீன். கிடக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அவள் மேசைமேல் இருந்த சிப்பில் ஒரே ஒரு சொல்லை வைத்துத் தூங்கப்போட வேண்டியிருந்தது. திங்கள்கிழமை கூட்டத்தில் எழுப்பும்போது சொல் அப்படியே இருக்க வேண்டும். எந்தச் சொல்லை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து மாமியார் குர்ஷித் பேகம் குரல் கொடுத்தார்: "ஏம்மா, ராத்திரிச் சோத்துக்கு என்ன வெஞ்சனம்?" அதையே தட்டினாள்: வெஞ்சனம்.

சொல் பிழைத்தால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். அழிந்தால் பெங்களூர் லேபுக்கு வந்துவிட வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கணவன் தப்ரேஸின் தோல் வியாபாரம் இங்கே. சொந்த வீட்டுக்கு வாரக்கடைசியில் வந்துபோகிற விருந்தாளியாக அவளுக்கு மனசில்லை.

3

குர்ஷித் பேகத்தை முதலில் வில்லியாகத்தான் எழுதினேன். மூன்று வரிக்கு மேல் நிற்க மாட்டேன் என்றுவிட்டார். அவரிடம் இருப்பது ஒரே ஒரு குற்றம்: எரிகிற எதைப் பார்த்தாலும் அணைத்துவிடுவார். மருமகள் பிரியாணி வாங்கப் போன நேரம் (ஆம், நான் பின்னால் நின்ற அதே வரிசை) அறையைக் கூட்ட வந்தவர் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கைப் பார்த்தார். சுவர் ஸ்விட்ச்சைத் தட்டிவிட்டார்.

தஹ்சீன் வந்ததும் பதறிப்போய் ஸ்விட்ச்சைப் போட்டாள்.

"மாமி, இத யாரு அமத்துனது?"

"நான்தான். சும்மா எரிஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு."

"அது தூங்கிக்கிட்டு இருந்துச்சு மாமி."

"தூங்குறதுக்கு எதுக்கும்மா கரண்டு?"

பெங்களூரில் அவளுக்குச் சம்பளம் கொடுத்துக் கேட்கிற கேள்வியும் இதேதான். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதில் மாமியாரும் மருமகளும் ஒரே தொழில். ஞாபகத்தைக் காப்பாற்றுவது மட்டும் மாமியின் இலாகாவில் இல்லை.

"எம்புட்டு நேரம் அமத்தி வச்சிருந்தீங்க?"

"செத்த நேரந்தான்."

கரண்ட் போனால் சிப்பைக் கொஞ்சம் தாங்கிப்பிடிக்க, மிளகு அளவில் ஒரு கெப்பாசிட்டர் அதில் உண்டு. அது எதுவரை தாங்கும் என்று தஹ்சீன் கணக்குப் போட்டிருக்கிறாளே தவிரச் சோதித்ததில்லை. இப்போது எழுப்பிப் பார்க்கவும் முடியாது, பரீட்சை கலைந்துவிடும்.

4

'செத்த' பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் 'சற்று' என்பதுதான் நாக்கில் தேய்ந்து 'செத்த' ஆனது. யாரும் சாகவில்லை. தஹ்சீன் உடன் வேலை செய்யும் ஜெரினுக்கு எழுதினாள்: "சிப் செத்த நேரம் கரண்ட் இல்லாம கெடந்துச்சு. இப்ப தூங்குது, எழுப்பச் சொல்லாதீங்க." அவசரத்தில் அது குழுவுக்கே போய்விட்டது. தமிழ் தெரியாத மேனேஜரின் போன் அதை மொழிபெயர்த்துக் கொடுத்தது: சிப் இறந்துவிட்டது, எழுப்ப வேண்டாம்.

அவர் ஒரு அனுதாபம்கூடச் சொல்லாமல் வீடியோவில் வந்து நின்றார். செத்ததா இல்லையா, இப்போதே எழுப்பிக் காட்டு என்றார். ஜெரின் பாவம், நடுவில் புகுந்து 'செத்த'வுக்கு இங்கிலீஷில் இலக்கணம் நடத்திப் பார்த்தான். எடுபடவில்லை.

5

முடிவு அ: திரையில் சொல் வருகிறது, மாமியும் மருமகளும் கட்டிக்கொண்டு... சர்க்கரை தூக்கல்.

முடிவு ஆ: திரை காலி. ஜங்ஷன் பிளாட்பாரத்தில் தஹ்சீன் பெட்டியோடு நிற்க, மாமி முந்தானையால்... இதை அடித்துவிட்டேன். எனக்கே பொறுக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மாமி வாசற்படியிலேயே நின்றார். "அந்தாளுகிட்ட நான் பண்ணுன தப்புன்னு சொல்லட்டாம்மா?"

"வேணாம் மாமி. இங்கன வந்து ஒக்காருங்க."

உட்காருவதற்கு முன் மாமி, யாரும் கேட்காமலே, ஃபேனைப் போட்டுவிட்டார். தஹ்சீனுக்கு அழுகை முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிப்பை எழுப்பினாள். திரையில்

இங்கே நிறுத்துகிறேன். கோபப்படாதீர்கள். வெள்ளிக்கிழமையே அந்தச் சொல்லை உங்களிடமும் கொடுத்துவைத்தேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி மூச்சு விடவில்லை. உங்களைத் தூங்கவைக்கவும் என்னால் ஆனதைச் செய்தேன். பக்கத்தை மேலே தள்ளாமல் சொல்லுங்கள், தஹ்சீன் என்ன தட்டிவைத்தாள்?

சொல்லிவிட்டால் அவள் பேகம்பூரிலேயே இருப்பாள். ஞாபகம் வராவிட்டால் பெட்டியைக் கட்டச் சொல்ல வேண்டியதுதான். அவசரமில்லை, செத்த நேரம் யோசியுங்கள். மாமி உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.