தோள் கொடுக்க வந்தவர்

எழில்மதி அறைந்த அறையில் மதிவாணன் தடுமாறி, பாடையில் கிடந்த அவள் அப்பாவின் காலடியிலேயே விழுந்தார். சட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அறைந்தாள். பறைச்சத்தம் நின்றது. வடக்குத்து ஊரே திரும்பிப் பார்த்தது.

"எங்கப்பாவ வுட்டுட்டு நீ மட்டும் எப்படிய்யா உசுரோட வந்த?"

நேற்றுவரை சித்தப்பா என்று கூப்பிட்ட வாய்தான்.

நேற்றுப் பகலில் சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றிப்போகும் கன்வேயர் பெல்ட் தீப்பிடித்தது. தீயணைப்பில் ஒரே ஷிப்ட் பார்க்கும் அவள் அப்பா வைத்திலிங்கமும் மதிவாணனும்தான் தண்ணீர் ஹோஸ் குழாயைப் பிடித்தார்கள். தண்ணீர் சீறிய வேகத்தில் அது கை நழுவி, அதன் பித்தளை முனை வைத்திலிங்கத்தின் மண்டையைப் பிளந்துவிட்டது. பாழாய்ப்போன நெருப்பு அவரைத் தொடக்கூட இல்லை.

மூன்றாவது அடியையும் மதிவாணன் தடுக்கவில்லை. என்ன திமிர் என்று அவளுக்கு வெறி ஏறியது. பிறகுதான் கவனித்தாள். தடுக்கத்தான் பார்க்கிறார்; கைகள் நெஞ்சுவரைகூட எழாமல் நடுங்கி இறங்குகின்றன.

"ரெண்டு தோள்பட்டையும் போயிடுச்சிம்மா," அவள் காதுக்கு மட்டும் சொன்னார். "யாராண்டயும் சொல்லல, ஒங்கப்பாவாண்டகூட. சொன்னா கான்ட்ராக்ட்ட வுட்டுத் தூக்கிடுவாங்க. அண்ணன் கெட்டியா புடிச்சிக்குவாருன்னு நம்பிக்கினு இருந்தேன்."

எழில்மதி பாடையைத் திரும்பிப் பார்த்தாள். இடுப்பு வலியில் அப்பாவால் குனியவே முடியாது. தினமும் பூட்ஸ் மாட்டிவிடுவது அவள்தான். 'மதி இருக்கான், தாங்கிப்பான்' என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். வெளியே மூச்சு விடமாட்டார். ஒருவரை ஒருவர் நம்பியே கெட்டிருக்கிறார்கள், படுபாவிகள்.

"நேரமாவுது. நம்ம ஷிப்ட்டு ஆளுக்கு நாமதான் தோள் குடுக்கணும்," என்றார் சூப்பர்வைசர் வெள்ளைச்சாமி. "மதி, முன்னாடி வா."

மதிவாணன் நகரவில்லை. கைகள் தொங்கியே கிடந்தன. வெள்ளைச்சாமி சந்தேகத்தோடு அவருடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழில்மதி மதிவாணனின் நெஞ்சில் கைவைத்து பலங்கொண்ட மட்டும் தள்ளினாள்.

"இந்தாளு எங்கப்பாவத் தொடக்கூடாது! தொட்டா இங்கயே கொல வுழும்!"

கத்தும்போதே அழுகை முட்டியது. கோபமும் பொய்யில்லை.

"பெத்த பொண்ணு, வவுறு எரியுது. நீ ஒதுங்கிக்கய்யா," என்றபடி வெள்ளைச்சாமியே முன்னால் போய்த் தோள் கொடுத்தார். பறை மறுபடி முழங்கியது.

பாடை தெருமுனை திரும்பியது. கூட்டத்துக்குக் கடைசியில் மதிவாணன் போய்க்கொண்டிருந்தார். கண்ணைத் துடைக்கக் கை எழாமல், தலையைச் சாய்த்து, சட்டையின் தோளிலேயே முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.