பெல்ட் நின்ற மறுநாள்

…பார்க்கக் கூடாது, இன்றைக்கு அந்த இஞ்சின் பெல்ட்டை நிமிர்ந்தே பார்க்கக் கூடாது, கூடையில் இருக்கிற பருத்தியை மட்டும் பார்த்தால் போதும், சருகைப் பொறுக்கிப்போட்டு, கொட்டை பிரிக்கிற ஜின்னுக்குள் தள்ளினால் போதும் என்று மொக்கம்மாள் தனக்குள்ளே சொல்லிக்கொண்டே இருந்தாள், ஆனாலும் பக்கத்தில் ஓடுகிற பெல்ட்டின் தப்தப் சத்தம் பிடரியில் யாரோ தட்டிக் கூப்பிடுவது மாதிரி… வெள்ளைக்காரன் சண்டை வந்ததிலிருந்து தேனிப் பஞ்சுப்பேட்டை ஓய்வில்லாமல் ஓடுகிறது, வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள், பதினைந்து வயசுப் பிள்ளையென்றும் பாராமல் ஆத்தா அனுப்பிவிட்டாள், வந்த இடத்தில் இப்படி ஆகிப்போச்சே! பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் மதினியின் முந்தானையை நேற்று பெல்ட் கவ்வி இழுத்தபோது எல்லாப் பெண்களும் கத்தினார்கள், இவளும் கத்தியிருக்கலாம், ஏன் கத்தவில்லை? நெஞ்சுக்குள் நில்லு என்றாள். பெல்ட் நின்றுவிட்டது. சின்ன வயசிலிருந்தே இருக்கிறதுதான் இது, உறியிலிருந்து விழுந்த மோர்ச்சட்டி பாதியில் நின்றதை ஆத்தா பார்த்துவிட்டு இவள் வாயைத்தான் பொத்தினாள், வெளியே தெரிந்தால் பேய் பிடித்தவள் என்று வேப்பங்குலையால் அடிப்பாக, ஒரு பயலும் கட்டமாட்டான் என்றாள்…

இஞ்சின் டிரைவர் ஞானதுரைக்குத் தெரிந்துவிட்டதா? இஞ்சின் ஓடும்போது பெல்ட் மட்டும் நின்றால் அது அறுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கழன்றிருக்க வேண்டும், ரெண்டும் இல்லையே என்று காலையில் கணக்குப்பிள்ளையிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார், சொல்லும்போது இங்கேதானே திரும்பினார்? பஞ்சம்மாளோ குச்சனூர்ச் சாமிதான் காப்பாத்துச்சு, சனிக்கிழமை போய் எள் விளக்குப் போடணும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், அதை அவர் நம்பினாரா? கையை எண்ணெய்த்துணியில் துடைத்தபடி இவள் பக்கம் வந்தேவிட்டார்.

"ஏத்தா, நேத்து நீ எங்கன நின்ன?"

"அங்கனதான்யா… மதினிக்குப் பின்னால."

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார், வேப்பங்குலையோடு ஆளைக் கூட்டி வரத்தான் போகிறாரோ… ஓடிப்போய்விடலாம், வருசநாட்டில் மாமா வீடு இருக்கிறது, அங்கே பெல்ட் இல்லை, இஞ்சின் இல்லை, ஆறுகூட மழை பெய்தால்தான் ஓடும், எதையும் நிறுத்த வேண்டியிராது… கஞ்சி குடிக்கச் சங்கு ஊதியபோது எழுந்தவளுக்குக் கால் மரத்திருந்தது. வேப்பமரத்தடியில் பஞ்சம்மாள் எல்லோரையும் விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள், தூக்குச்சட்டியைத் திறக்கவே இல்லை, வளைகாப்புக்கு நாள் குறித்திருக்கிற வயிறு, அதன்மேல் ரெண்டு கையும். இவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

"யார்ட்டயும் சொல்லாத மொக்கு. நேத்திலருந்து பிள்ளை அசையல."

என்ன சொல்கிறாள்? பயந்ததில் அப்படி இருக்கும் மதினி, தூங்கும் மதினி, என்று வாய் சொல்லியது… பெல்ட்டைத்தானே நிற்கச் சொன்னாள், பெல்ட்டில் முந்தானை, முந்தானைக்கு இந்தப்பக்கம் சேலை, சேலைக்குள்ளே வயிறு… எதுவரைக்கும் நின்றது? ஒரு தடவை மாட்டுவண்டிக்கு அடியில் போன கோழியைக் காப்பாற்ற வண்டியை நிறுத்தினாள், கோழியும் கண்ணைத் திறந்தபடி அப்படியே நின்றது, பொழுது சாயும்வரை நின்றது, ஆத்தா அதை அறுத்துக் குழம்பு வைத்துவிட்டாள், விட்டிருந்தால் நடந்திருக்குமா, இல்லையா? கேட்கவே இல்லையே. மோர்ச்சட்டியை ஆத்தாதான் கையில் ஏந்தினாள், வண்டியை வண்டிக்காரன் தள்ளினான், பெல்ட்டை டிரைவர் இஞ்சினை அணைத்துத் திரும்ப ஓட்டினார், ஒவ்வொன்றையும் யாரோ தொட்டுத்தான் ஓடவிட்டார்கள், வயிற்றுக்குள் இருக்கிற இதைத் தொட யார் இருக்கிறார்கள்? இஞ்சின் கொட்டகை வாசலில் ஞானதுரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கட்டும், யாரை வேண்டுமானாலும் கூட்டி வரட்டும்.

பஞ்சம்மாள் அவள் கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்தாள். "நீ பாரேன், உனக்காச்சும் தெரியுதான்னு." சேலைக்கு அடியில் சூடு இருந்தது, அசைவில்லை. மொக்கம்மாள் கண்ணை மூடினாள், போ, என்றாள் நெஞ்சுக்குள், ஓடு, என்றாள், சொல் மட்டும்தான் வந்தது, அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை, பயத்தில் நிறுத்தத் தெரிகிறது, ஓடவிடுவதற்கு எதிலிருந்து சொல்ல வேண்டும், பயப்படாமல் சொல்ல வேண்டுமா, இப்போது எப்படிப் பயப்படாமல் இருப்பது… மறுபடி சங்கு ஊதியது, பெண்கள் சேலையை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள், அவள் கையை எடுக்கவில்லை.