பாதிப் பீங்கான் சோறு

என் கணவருக்கு என்னோடு கோபம் என்றுதான் இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்ததில் பெரிய பிழையும் இல்லை. முத்தலிப் கோபப்பட்டால் எப்படியிருப்பார் என்பதை இருபத்தெட்டு வருடமாகப் பார்த்தவள் நான். சத்தம் போடமாட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்வார். பீங்கானில் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போவார். அந்தப் பாதிச் சோற்றைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சண்டை மாடியறையால் வந்தது. தன் துணிக்கடைக்கு எடுத்த சாரன்களை அடுக்கிவைக்க மேலே ஓர் அறை கட்டவேண்டும் என்றார். கத்தாரில் இருக்கும் மகள் நிஸ்றாவும் மருமகனும் வந்தால் அவர்கள் இருக்கவேண்டிய இடத்தில் சாரன் கட்டா இருப்பது என்று கேட்டேன். பேச்சு வளர்ந்தது. எங்கள் ஏறாவூரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இது எல்லோருக்கும் தெரியும். அதை வாயால் சொல்லிக்காட்டக் கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். என் வாய்தான் நிற்கவில்லை.

"இது எங்க உம்மா எனக்குத் தந்த ஊடு. உங்களுக்கு இஞ்ச என்ன இரிக்கி?"

அவர் போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் விடிய ஐந்து மணிக்கு சுபஹ் தொழுதார். திரும்பவும் போய்ப் படுத்தார். தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன், குடிக்கவில்லை. கூப்பிட்டேன், முனகினார். ஓகோ, முறுக்கிக்கொண்டு கிடக்கிறாராக்கும், கிடக்கட்டும் என்று விட்டேன். உடுப்புக் கழுவினேன், மீன் வெட்டினேன், வேண்டுமென்றே சட்டிகளைப் படார் படாரென்று வைத்தேன். பதினொரு மணிக்கு அறைக்குள் போனபோது கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இடக்கையைத் தூக்கினேன், தொப்பென்று விழுந்தது.

"கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தவர்?" என்றுதான் ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டார். விடிய ஐந்து மணிக்கு என்றேன். அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட்டால்தான் சரி என்றார். ஏசுகிற குரலில் சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். மூன்று கிழமையில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பேச்சு இருந்தது, வலக்கை நன்றாக வேலை செய்தது. இடக்கையும் இடக்காலும்தான் சொல்வழி கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பிடித்துத் தூக்கவேண்டும், தேய்க்கவேண்டும். அதனால் நான் எப்போதும் அவருடைய இடப்பக்கத்திலேயே இருந்தேன். வலப்பக்கம் ஜன்னல். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் பேசினால் ஜன்னலைப் பார்த்து "ம்" என்பார்.

சோறு வைத்தால் பழைய கதைதான். வலப்பக்கத்தில் உள்ளதை வழித்துத் தின்பார். இடப்பக்கத்தில் இருப்பது போட்டது போட்டபடி கிடக்கும், கோடு கீறினாற்போல் பாதிக்குப் பாதி. நான் இருக்கிற பக்கமாயிற்றே என்று நல்ல மீன் துண்டு, பொரித்த இறால் எல்லாவற்றையும் அங்கேதான் வைப்பேன். ஒன்றைக்கூடத் தொடமாட்டார்.

ஆனால் ஜன்னல் படியில் போனை நிறுத்தி நிஸ்றாவை எடுத்துக்கொடுத்தால் மட்டும் வாப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே சிரிப்பு. ஒருநாள் நான் பக்கத்திலிருந்து அவருடைய இடக்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், மனிதர் மகளிடம் கேட்கிறார்:

"உம்மா எங்க மகள்? ஆளையே காணல்லயே."

குத்தலைப் பாருங்கள்! எழும்பிக் குசினிக்குள் போய் அழுதேன். வீட்டைச் சொல்லிக்காட்டிய அந்த ஒரு சொல்லுக்காக இந்த மனிதர் மவுத்தாகும்வரை என் முகத்தைப் பார்க்கமாட்டாரோ என்று பயந்துபோனேன். ஆறு மணித்தியாலம் அவரைப் போட்டுவைத்தவளுக்கு இது வேண்டும்தான் என்றும் மனம் சொல்லியது.

கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை மேனுகா செங்கலடியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அவரை நானா, என்னை ராத்தா என்று அண்ணன் அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். அன்று பகல் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தாள்.

"நானா சாப்பிடட்டும் ராத்தா, நான் பாத்துக்கொண்டு இருக்கன்" என்று ஜன்னல் பக்கமாகக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் பாதியைத் தின்று முடித்தார். பிறகு அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "சோறு காணாது மகள். இப்ப எனக்குக் கொஞ்சமாத்தான் போடுற."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "கேட்டயா மகள் கதைய? பாதிச் சோத்த ஒதுக்கி வெச்சிட்டுக் காணாதாம்!"

மேனுகா பீங்கானைப் பிடித்து இடப்பக்கம் வலப்பக்கமாக வரும்படி சுற்றிவைத்தாள்.

அவர் திகைத்துப்போனார். "இது எங்கால வந்த? இறாலும் இரிக்கி!" என்று ஆவலாகத் தின்னத் தொடங்கினார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

மேனுகா கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் படம் கீறினாள். கழுத்தால் மேலே ஏறும் இரத்தக் குழாய்கள் நான்கு, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. மூளையின் அடியில் அவை ஒரு வட்டமாகச் சேர்கின்றன. அந்த வட்டத்திலிருந்து இரு பக்கமும் கிளைகள் போகின்றன. வலப்பக்கத்து நடுக்கிளையில் பேனையை ஊன்றினாள்.

"இதிலதான் கட்டி இறுகின. இடப்பக்கம் எண்டு ஒண்டு இருக்கிறதக் கவனிக்கிறது மூளையில இந்த வலப்பக்கத்து இடம்தான் ராத்தா. கண்ணும் பழுதில்ல, காதும் பழுதில்ல. நானாவுக்கு இடப்பக்கமே இல்லாமப் போயிற்று."

"திரும்பி வருமா?"

"எங்கட அப்பாட வயல் வட்டையில ஒரு வாய்க்கால் அடைச்சா மற்ற வாய்க்காலால கொஞ்சம் தண்ணி வரும். அதுபோல பக்கத்துக் கிளையளால வந்த இரத்தத்தில ஓரமெல்லாம் தப்பியிருக்கு. அதுக்குப் பழக்கினா பழகும்." பிறகு அவள் தன் கதிரையிலிருந்து எழும்பினாள். "நீங்க இதில வந்து இருங்க."

ஜன்னல் பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். முத்தலிப் என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

"எங்க புள்ள இருந்த இவ்வளவு நாளும்? உன்ட சத்தம் மட்டும் வரும், ஆளக் காணக் கிடைக்காது. அந்தச் சண்டையால எனக்கு முன்னுக்கு வராம இரிக்காயாக்கும் எண்டு நினைச்ச."

யா அல்லாஹ், நான் உடைந்துபோனேன். மேனுகா இருக்கிறாள் என்ற வெட்கமும் இல்லாமல் அழுதேன்.

"அன்டைக்கு விடிய நீங்க முறுக்கிக்கொண்டு கிடக்கீங்க எண்டு நினைச்சி விட்டுட்டன். நான்தான் உங்கள இப்பிடி ஆக்கின."

"முறுக்கித்தான் கிடந்த" என்றார் அவர். "கை மரத்துப்போற நேரம் எனக்கு விளங்கின. உன்னக் கூப்பிட ரோசம் உடல்ல. பொறகு கூப்பிட வாய் வரல்ல."

மேனுகா கொப்பியில் ஏதோ எழுதுவதுபோல் குனிந்திருந்தாள். போகும்போது ஒரு குண்டைப் போட்டாள். "நாளையிலிருந்து திரும்ப இடப்பக்கம்தான் இருக்கணும் ராத்தா."

"விளையாடுறயா மகள்? இப்பதானே மனிசன் என்னக் கண்ட!"

"வலப்பக்கம் இருந்தா லேசு, ஆனா மூளை பழகாது. இடப்பக்கம் இருந்து கூப்பிடுங்க. அவர் தேடித் திரும்பணும்."

அப்படியே செய்தேன். நிஸ்றா விட்டுப்போன சிவப்பு நகப்பூச்சை எடுத்துப் பீங்கானின் இடது விளிம்பில் பூசினேன்; "அந்தச் சிவப்பக் காணுமட்டும் தின்னுங்க" என்றேன். நான் கூப்பிட்டால் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பார். அவருடைய இடக்கையைத் தடவிக்கொண்டே திரும்பவும் கூப்பிடுவேன். தலை கொஞ்சம் அசையும், கண் பாதி வழியில் நிற்கும். ஏசுவேன், கெஞ்சுவேன். சில நாள் அவருக்கு அலுத்துவிடும், சில நாள் எனக்கு. நான்கு மாதம் இப்படியே போனது.

ஹஜ்ஜுப் பெருநாள் அன்று மேசையில் சஹனை எடுத்துவைத்தேன். கலியாண வீட்டில் ஆறுபேர் சுற்றியிருந்து ஒன்றாகத் தின்கிற பெரிய தட்டு அது. நாங்கள் இரண்டு பேர்தான். அதற்கு நகப்பூச்சும் பூசவில்லை. இடப்பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று அவரைக் கூப்பிடவில்லை, தொடவுமில்லை. கூப்பிடாமல் திரும்புவாரா என்று பார்க்கவேண்டும்போல் இருந்தது.

அவர் தன் பக்கத்தைத் தின்றார். கை நின்றது. தலை மெல்ல ஜன்னலைவிட்டு வந்தது, அலுமாரியைத் தாண்டியது, என்னிடம் வந்து நின்றது. தன் பக்கத்திலிருந்த நல்ல இறைச்சித் துண்டொன்றை எடுத்தார். சஹனின் நடுவைத் தாண்டிக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார்.

"தின்னு புள்ள" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "உங்க உம்மா தந்த ஊட்டுச் சோறுதானே."

"நம்மட ஊடு" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.